அனுபவம் இல்லாமல் முதல் டெக்னிக்கல் ரைட்டர் வேலை: பினாங்கு, கேஎல் பக்கம் வழி உண்டா?

பிறை டெக்னீஷியன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பாயான் லெப்பாஸ்ல ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில டெஸ்ட் டெக்னீஷியனா இருக்கேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளோமா, ஷிஃப்ட் வேலை. லைன்ல புது மெஷின் வந்தாலோ ப்ராசஸ் மாறினாலோ வொர்க் இன்ஸ்ட்ரக்‌ஷன் எழுதுற வேலை எப்படியோ என் கைக்குத்தான் வரும். என்ஜினியர் வாயால சொல்லுவாரு. நான் எழுதி, போட்டோ எடுத்துப் போட்டு, டபிள்யூஐ ஆக்கிக் கொடுப்பேன். அவரு சைன் பண்ணிடுவாரு. அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. நைட் ஷிஃப்ட்ல புதுசா வந்த ஆபரேட்டர் யாரையும் கூப்பிடாம அந்தத் தாளை மட்டும் பார்த்து மெஷினை செட் பண்ணிட்டா, அந்தத் திருப்தி நானே மெஷினை ரிப்பேர் பண்றப்பகூட வர்றதில்ல.

இதையே முழுநேர வேலையா செய்யணும்னு ஆசை. ஆனா எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் டெக்னிக்கல் ரைட்டரா ரெண்டு வருஷம், மூணு வருஷம் அனுபவம் கேக்குறாங்க. அந்தப் பேர்ல நான் ஒருநாளும் வேலை செஞ்சதில்ல. தமிழ்ப்பள்ளியில படிச்சு, அப்புறம் மலாய் மீடியம். இங்கிலீஷ் பேசுவேன், எழுதுவேன், ஆனா பத்திரிகையில எழுதுற மாதிரி வராது. டிகிரி இல்ல. கோர்ஸுக்குப் பணம் கட்டலாமா, கட்டினா பிரயோஜனம் இருக்குமான்னும் தெரியல. இந்தத் துறையில இருக்கிறவங்க சொல்லுங்க.

கேஎல் டாக்ஸ் அக்கா எழுதியது:

தம்பி, கேஎல்ல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில டாக்குமெண்டேஷன் டீமைப் பார்த்துக்கிறேன். ஆள் எடுக்கிற இன்டர்வியூவுல நானும் உட்காருவேன். அதனால எதிர்ப்பக்கத்துல இருந்து என்ன நடக்குதுன்னு சொல்றேன்.

விளம்பரத்துல ரெண்டு வருஷ அனுபவம்னு போடுறதுக்கு ஒரே அர்த்தம்தான். பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொண்ணா சொல்லித் தர எங்களுக்கு ஆள் இல்ல. ஒரு என்ஜினியர்கிட்ட அனுப்பினா, கேள்வி கேட்டு, விஷயத்தை வாங்கி, படிக்கிறவனுக்குப் புரியற மாதிரி எழுதி, சரிபார்த்து, திரும்பக் கொண்டுவந்து கொடுக்கிற ஆளு வேணும். உங்க போஸ்ட்டை மறுபடி படிச்சுப் பாருங்க. என்ஜினியர் வாயால சொன்னதை நீங்க எழுதுறீங்க, புது ஆபரேட்டர் அதை வச்சு மெஷினை ஓட்டுறாரு. இந்த வேலையே அதுதான். உங்ககிட்ட இல்லாதது பதவிப் பேரு மட்டும்.

ஆனா இதை ரெசுமேல எழுதினா மட்டும் நான் நம்பமாட்டேன். நம்ப வைக்கிறது சாம்பிள். ரெண்டே ரெண்டு போதும், ஆனா நல்லா இருக்கணும். முக்கியமா, ஃபேக்டரியில எழுதின டபிள்யூஐயை எடுத்து அனுப்பிடாதீங்க. அது கம்பெனி சொத்து. பேரை அழிச்சு அனுப்பினாலும் அதேதான். அப்படி ஒரு சாம்பிள் என் மேசைக்கு வந்தா, நாளைக்கு எங்க டாக்குமெண்ட்டையும் இவரு இப்படித்தான் வெளிய கொண்டுபோவாருன்னுதான் முதல்ல தோணும். வேலைக்கு வெளியில இருக்கிற ஒரு பொருளை எடுத்துப் புதுசா எழுதுங்க. நீங்க டெஸ்ட் டெக்னீஷியன், உங்க கையில எப்பவும் மல்டிமீட்டர் இருக்கும். அதுல ஃபியூஸ் மாத்துறது எப்படின்னு ஒரு பக்கம் எழுதிப் பாருங்க. சின்ன விஷயம்னு நினைக்காதீங்க, அதுலயே எல்லாம் வெளிய வந்துடும்.

ரெண்டாவது சாம்பிள் வேற வகையா இருக்கட்டும். டயாடாக்ஸிஸ்னு ஒரு முறை இருக்கு, டாக்குமெண்டேஷன் ஆளுங்க நிறைய பேர் அதை வச்சுத்தான் பேசுவாங்க. கத்துக்கிறவனுக்குப் பாடம், வேலையை முடிக்கணும்னு வர்றவனுக்குப் படிமுறை, தேடிப் பார்க்கிறவனுக்குத் தகவல், ஏன் இப்படின்னு கேக்குறவனுக்கு விளக்கம்னு நாலாப் பிரிக்கும். நம்ம கேடபிள்யூஎஸ்பியையே, அதான் ஊழியர் சேமநிதியையே எடுத்துக்குங்க. 2024 மே மாசத்துல இருந்து சந்தாப் பணம் மூணு கணக்கா பிரியுது: பெர்சாராஆன் 75 விழுக்காடு, செஜாத்தெரா 15, ஃப்ளெக்ஸிபல் 10. ஏன் இப்படிப் பிரிச்சாங்கன்னு சொல்றது விளக்கம். ஃப்ளெக்ஸிபல் கணக்குல இருந்து ஆப் வழியா பணம் எடுக்க எதை அமுக்கணும்னு சொல்றது படிமுறை. இந்த ரெண்டையும் ஒரே பக்கத்துல குழப்பாம தனித்தனியா எழுதத் தெரிஞ்ச ஆளு வந்தா, இன்டர்வியூவுல எனக்குப் பாதி வேலை முடிஞ்சிடும்.

கோர்ஸைப் பத்தி: முதல்ல காசு கட்டாதீங்க. கூகுள் போட்டிருக்கிற டெக்னிக்கல் ரைட்டிங் பாடங்கள் இலவசம். முதல் பாடத்தை முடிச்சுட்டு சாம்பிள் எழுத உட்காருங்க.

கூலிம்காரன் எழுதியது:

அக்கா சொல்றது சாஃப்ட்வேர் பக்கத்துக்குச் சரி. பினாங்கு நிலைமை கொஞ்சம் வேற. டெக்னிக்கல் ரைட்டர்னு நேரடியா பேர் போட்டு வர்ற வேலை இங்க கம்மி. நானும் தேடியிருக்கேன். ஜாப்ஸ்ட்ரீட்ல விண்ணப்பிச்சா டிகிரி இல்லன்னு ஹெச்ஆர்லயே நிக்குது, டாக்குமெண்டேஷன் மேனேஜர் கண்ணுக்கே போறதில்ல. சாம்பிள் எவ்வளவு நல்லா இருந்து என்ன, திறந்து பார்க்கவே ஆள் இல்லாதப்ப?

என்னைக் கேட்டா, இருக்கிற கம்பெனிக்குள்ளேயே மாறுறதுதான் நடக்கிற காரியம். உள்ள உங்களைத் தெரியும், அந்த என்ஜினியர் உங்களுக்காகப் பேசுவாரு. வெளிய போனா நீங்க ஒரு பேப்பர், அவ்வளவுதான்.

கேஎல் டாக்ஸ் அக்கா எழுதியது:

கூலிம்காரர் சொல்ற ஹெச்ஆர் தடை உண்மை, மறுக்கல. அதனாலதான் ஹெச்ஆர் வழியா மட்டும் போகாதீங்கன்னு சொல்றேன். லிங்க்ட்இன்ல அந்தக் கம்பெனியோட டாக்குமெண்டேஷன் ஆளைத் தேடி, சாம்பிள் லிங்க்கோட நாலு வரி எழுதுங்க. வேலை கேக்காதீங்க. ‘இதைப் படிச்சுட்டு எங்க தடுக்குதுன்னு சொல்வீங்களா’ன்னு கேளுங்க. எழுதுறவங்களுக்கு அடுத்தவங்க எழுதினதைத் திருத்தாம இருக்க முடியாது, அனேகமா பதில் வரும். எனக்கு அப்படி வந்த கடிதங்கள்ல நல்லதை நான் எடுத்து வச்சிருக்கேன்.

தேடுற பேரையும் மாத்திப் பாருங்க. டெக்னிக்கல் கம்யூனிகேட்டர், டாக்குமெண்டேஷன் ஸ்பெஷலிஸ்ட், இன்ஃபர்மேஷன் டெவலப்பர், நாலெட்ஜ் பேஸ் எடிட்டர், கன்டென்ட் டெவலப்பர், ட்ரெய்னிங் டெவலப்பர். ஒரே வேலைக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பேர் வச்சிருக்கு.

பாயான் பாரு வாசி எழுதியது:

நான் பினாங்கில் ஒரு மருத்துவக் கருவித் தொழிற்சாலையில் இருக்கிறேன். டாக்குமெண்ட் கன்ட்ரோலராகச் சேர்ந்து இப்போது எழுதும் பிரிவில் இருக்கிறேன். எங்கள் துறையை யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மருத்துவக் கருவி செய்யும் நிறுவனங்களுக்கு ஐஎஸ்ஓ 13485 என்ற தர நிர்வாகத் தரநிலை இருக்கிறது. நம் நாட்டில் 2012 ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் சட்டம், அதாவது 737ஆவது சட்டம் இருக்கிறது. இரண்டுமே ஆவணம் இல்லாமல் நகரவிடாது. எஸ்ஓபி, வொர்க் இன்ஸ்ட்ரக்‌ஷன், சோதனை அறிக்கை, பயனர் கையேடு, ஒவ்வொன்றுக்கும் பதிப்பு எண், ஒப்புதல், மாற்றத்தின் காரணம். ஆடிட்டர் வந்து லைனில் நின்று ஆபரேட்டரின் கையையும் தாளையும் மாறி மாறிப் பார்ப்பார். தாளில் இருப்பதும் கை செய்வதும் ஒன்றாக இல்லையென்றால் அன்றைக்கே ஃபைண்டிங், அதாவது குறை என்று பதிவாகிவிடும். ஆகவே லைனில் வேலை செய்தவர் எழுதிய தாளுக்கு எங்களிடம் தனி மதிப்பு உண்டு.

ஆனால் டாக்குமெண்ட் கன்ட்ரோலர் வேலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சில இடங்களில் அது எழுதும் வேலைக்குப் படி. சில இடங்களில் முத்திரை குத்தி, கோப்பில் போட்டு, பழைய பிரதியைத் திரும்ப வாங்கும் வேலை மட்டும்தான். எத்தனை ஆண்டு இருந்தாலும் ஒரு பத்திகூட உங்கள் கையால் எழுதமாட்டீர்கள். இன்டர்வியூவில் நேராகக் கேளுங்கள்: வொர்க் இன்ஸ்ட்ரக்‌ஷனின் முதல் வரைவை இங்கே யார் எழுதுகிறார்? என்ஜினியர் எழுதுகிறார், நீங்கள் ஃபார்மேட் பார்க்கலாம் என்று பதில் வந்தால், உங்கள் ஆசைக்கு அது இடமில்லை.

இன்னொன்று தம்பி. கருவி செய்யும் கம்பெனிகளையும் பாருங்கள். ஹெச்பி 1972இல் பினாங்குக்கு வந்தது. அதன் அளவைக் கருவிப் பிரிவு 1999இல் அஜிலென்ட் ஆகி, 2014இல் கீசைட் ஆனது. அளவைக் கருவி என்றால் யூசர் மேனுவலும் சர்வீஸ் மேனுவலும் இல்லாமல் பெட்டி வெளியே போகாது. மீட்டரைப் பிடித்துப் பழகியவருக்கு அங்கே பேச விஷயம் இருக்கும்.

பிறை டெக்னீஷியன் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்ன மாதிரி மல்டிமீட்டர் ஃபியூஸ் சாம்பிள் எழுதிட்டேன். இங்கிலீஷ்லதான் எழுதினேன், இங்க எல்லாரும் பார்க்கிறதுக்காகத் தமிழ்ல போடுறேன். தயங்காம சொல்லுங்க.

1. மல்டிமீட்டரின் பின்பக்க மூடியைத் திறந்து பழைய ஃபியூஸை எடுக்கவும்.
2. புதிய ஃபியூஸைப் பொருத்தவும். சரியான ரேட்டிங் உள்ளதா என்று உறுதி செய்துகொள்ளவும்.
3. மூடியை மூடி, மீட்டர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கவும்.
குறிப்பு: திறப்பதற்கு முன் டெஸ்ட் லீட்களைக் கழற்ற வேண்டும்.

கேஎல் டாக்ஸ் அக்கா எழுதியது:

போட்டதுக்கு சந்தோஷம் தம்பி. வரி வரியா போவோம்.

கடைசியில இருக்கிற குறிப்பு. படிக்கிறவன் கையில ஸ்க்ரூட்ரைவர் இருக்கு. ஒண்ணாம் படியைப் படிச்ச உடனே செய்வான், நாலு வரி தள்ளி என்ன இருக்குன்னு பார்க்கமாட்டான். லீட் இன்னும் கரண்ட் ஓடுற சர்க்யூட்ல இருந்தா, குறிப்பைப் படிக்கிறதுக்குள்ள விரல் உள்ள போயிடும். எச்சரிக்கை எப்பவும் அந்தப் படிக்கு முன்னாடி. அதுலயும் படிநிலை இருக்கு, பாதுகாப்பு எச்சரிக்கைகளுக்கான அமெரிக்க இசட்535 தரத்துல தெளிவா பிரிச்சிருப்பாங்க. தவிர்க்கலன்னா உயிர் போகும், இல்ல படுகாயம் ஆகும்னா டேஞ்சர். போகலாம், ஆகலாம்னா வார்னிங். சின்னக் காயமோ நடுத்தரக் காயமோன்னா காஷன். ஆளுக்கு ஒண்ணும் ஆகாது, பொருள்தான் கெடும்னா நோட்டிஸ். உங்களோடது வார்னிங். இந்தப் பிரிவு தெரிஞ்சு பயன்படுத்தின சாம்பிள், முதல் வேலை தேடுறவங்ககிட்ட இருந்து எனக்கு அபூர்வமாத்தான் வருது.

‘சரியான ரேட்டிங்’. எது சரி? உங்களுக்குத் தெரியும், படிக்கிறவனுக்குத் தெரியாது. ஆம்பியர் மட்டும் ஒத்துப்போனா போதும்னு நினைச்சு, 1000 வோல்ட் செராமிக் ஃபியூஸ் இருந்த இடத்துல கடையில கிடைச்ச 250 வோல்ட் கண்ணாடி ஃபியூஸைப் போடுவான். மீட்டர் வேலை செய்யும், பெரிய ஃபால்ட் வர்ற அன்னைக்கு உள்ளேயே வெடிக்கும். ஆம்பியர், வோல்ட், எவ்வளவு பெரிய ஃபால்ட் கரண்டைத் துண்டிக்க முடியும்ங்கிற அளவு, வேகம், உடல் அளவு எல்லாம் மேனுவல்ல சொன்னதோட ஒத்துப்போகணும்னு எழுதுங்க. அது எங்க அச்சடிச்சிருக்குன்னு படத்துல அம்புக்குறி போடுங்க.

‘சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கவும்’. எப்படிப் பார்ப்பான்? எதைப் பார்த்தா சரி? நிறைய மீட்டர்ல மூடியைத் திறக்காமலே ஃபியூஸைச் சோதிக்கலாம்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ரெசிஸ்டன்ஸ்ல வச்சு, வோல்ட்-ஓம் துளையில சொருகின லீட்டோட முனையை ஆம்பியர் துளைக்குள்ள தொட்டுப் பார்க்கிறது. உங்க மாடலோட மேனுவல்ல என்ன அளவு வரணும்னு இருக்கோ அந்த எண்ணைப் போடுங்க. அளவே வராம ஓவர்லோட்னு காட்டினா என்ன செய்யணும்னும் ஒரு வரி.

அப்புறம் நீங்க எழுதாம விட்டது ஒண்ணு. ஃபியூஸ் ஏன் போச்சு? பெரும்பாலும் லீட்டை ஆம்பியர் துளையில விட்டுட்டு வோல்டேஜ் அளக்கப் போனதுதான். மாத்தி முடிச்ச கையோட லீட்டை வோல்ட் துளைக்கு மாத்துன்னு கடைசிப் படி வைக்கலன்னா, புது ஃபியூஸும் அன்னைக்கே போகும். இதை எனக்கு ஒரு டெக்னீஷியன்தான் சொல்லணும். இங்கிலீஷ் இலக்கியம் படிச்ச ஆளுக்கு இது தோணாது. உங்க பலம் இந்த இடத்துலதான் இருக்கு, அதைத் தாள்ல காட்டுங்க.

திருத்தின பிறகு, இதுக்கு முன்னாடி மீட்டரைத் திறக்காத ஒருத்தர்கிட்ட கொடுத்துச் செய்யச் சொல்லுங்க. லீட் எதுலயும் மாட்டியிருக்கக் கூடாது, அதை நீங்களே பார்த்துக்குங்க. நீங்க பக்கத்துல உட்காரலாம், வாயைத் திறக்கக்கூடாது. அவரு எங்க நிக்குறாரோ, எந்த வரியை ரெண்டு தடவை படிக்கிறாரோ, அதைக் குறிச்சுக்குங்க. குறிச்சதை வச்சுத் திருத்துங்க. அந்தக் குறிப்பையும் பழைய வரைவையும் சாம்பிளோட சேர்த்து வையுங்க. முடிஞ்ச பக்கத்தைவிட அந்த மாற்றத்தைத்தான் நான் உன்னிப்பா பார்ப்பேன்.

சுபாங் மெக்கானிக் எழுதியது:

இங்கிலீஷைப் பற்றிய கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் சுபாங்கில் விமானப் பராமரிப்பில் இருப்பவன், எழுதுபவன் அல்லன். தினமும் மேனுவலைப் படித்து வேலை செய்பவன்.

விமான மேனுவல்களுக்கென்றே எளிமைப்படுத்திய இங்கிலீஷ் ஒன்று உண்டு. 1986இல் ஐரோப்பிய விமானத் துறை முதல் வழிகாட்டியை வெளியிட்டது. இப்போது அதற்கு ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்று பெயர். படிமுறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது. விளக்க வாக்கியம் 25ஐத் தாண்டக் கூடாது. ஒரு வாக்கியத்தில் ஒரு கட்டளை. அனுமதித்த சொற்களுக்கு ஓர் அகராதி, ஒரு சொல்லுக்கு ஒரே பொருள். இந்த விதிகளை யாருக்காக வகுத்தார்கள்? இங்கிலீஷ் தாய்மொழியாக இல்லாத மெக்கானிக்குக்காக. என்னைப் போன்றவர்களுக்காக.

பினாங்குத் தொழிற்சாலைகளில் லைனில் யார் நிற்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். நேப்பாளி, வங்காளதேசி, இந்தோனேசியர், மியன்மாரிலிருந்து வந்தவர். அவர்களுக்கு அலங்கார இங்கிலீஷ் எழுதுபவரால் ஒரு பயனும் இல்லை. இரண்டு மொழியில் பள்ளி முடித்து மூன்றாவதாக இங்கிலீஷைப் பிடித்தவருக்கு எந்த வாக்கியம் எங்கே இடறும் என்று தெரியும். அந்த விதித்தொகுப்பை வலைத்தளத்தில் கேட்டால் இலவசமாகவே தருகிறார்கள். படித்து, உங்கள் சாம்பிளை அதன்படி எழுதி, அப்படி எழுதியதாக ரெசுமேயில் குறிப்பிடுங்கள்.

இலக்கணப் பிழை இருக்கலாமா என்றால், கூடாது. ஒருமை பன்மை, காலம், இவற்றைச் சரிபார்க்க யாரிடமாவது காட்டுங்கள். ஆனால் நடையழகு இல்லையே என்று பின்வாங்காதீர்கள்.

முன்னாள் ஆசிரியை எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. நான் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து விலகியவள். மெஷின் தெரியாது, கோடிங் தெரியாது. என்னைப் போன்றவருக்கு இதில் இடம் இருக்கிறதா? கோலாலம்பூரில்தான் இருக்கிறேன்.

கேஎல் டாக்ஸ் அக்கா எழுதியது:

இருக்கு டீச்சர். ஆனா தம்பியோட வழி உங்களுக்கு ஒத்துவராது, உங்களுக்கு வேற வாசல். சாஃப்ட்வேர் கம்பெனிகளோட உதவிப் பக்கங்கள், பயிற்சிக் கையேடுகள், புதுப் பயனர் முதல் நாள்ல என்ன செய்யணும்ங்கிற பாடங்கள். நாள்தோறும் ஆர்பிஹெச், அதான் தினப் பாடத்திட்டம் எழுதியிருப்பீங்க. இந்தப் பாட வேளை முடியறப்ப மாணவனால என்ன செய்ய முடியணும்னு முதல்ல எழுதிட்டுத்தானே அடுத்த வரிக்குப் போவீங்க? அதே ஒழுங்கு இங்கயும் வேணும், புதுசா வர்ற நிறைய பேர்கிட்ட அது இல்ல.

சாம்பிளுக்கு: கல்வி அமைச்சோட இணையக் கற்றல் தளமான டெலிமாவுல பிள்ளையோட கணக்குக்குள்ள நுழையத் தெரியாம எத்தனை பெற்றோர் உங்களைக் கூப்பிட்டிருப்பாங்க! அந்தப் பெற்றோருக்கு, போன்ல செய்யற மாதிரி, மலாய்லயும் இங்கிலீஷ்லயும் ஒரு பக்கம் எழுதுங்க. பாஸ்வேர்ட் மறந்தா என்ன செய்யணும்ங்கிறது தனிப் பக்கம். இல்லன்னா செல்லினத்தை எடுத்துக்குங்க. நம்ம ஊர்ல உருவான தமிழ்ச் செயலி, அதைப் போன்ல போட்டு முதல் வாக்கியம் தட்டெழுதுற வரைக்கும் ஒரு வயசானவருக்குச் சொல்லித் தர்ற பக்கம். உங்களைவிட அதை யார் நல்லா எழுதிடப் போறாங்க?

சாஃப்ட்வேர் பக்கம் வரணும்னா மார்க்டவுன் (எளிய குறிகளை வச்சுத் தலைப்பு, பட்டியல் போடுற முறை), கிட் (ஃபைல்ல யார் எதை எப்ப மாத்தினாங்கன்னு பதிவு வைக்கிற கருவி) ரெண்டும் கத்துக்கணும். மார்க்டவுன் ஒரு மதியத்துல வந்துடும். கிட் கொஞ்சம் பொறுமை கேக்கும். பழகுறதுக்கு லிப்ரே ஆபீஸ் மாதிரி திறந்த மூல மென்பொருள்களைப் பாருங்க. அவங்க வழிகாட்டி நூல்களைத் தன்னார்வலர்கள்தான் எழுதுறாங்க, திருத்துறாங்க. கிட்ஹப்ல எத்தனையோ திட்டங்கள்ல டாக்குமெண்டேஷன்னு குறியிட்ட வேலைகள் ஆள் இல்லாம கிடக்கு. ஒரு பக்கத்துல இருக்கிற பழைய படிமுறையைச் செஞ்சு பார்த்து, எங்க ஒத்துவரலன்னு எழுதித் திருத்தம் அனுப்புங்க. அதை ஏத்துக்கிட்டா, உங்களுக்குத் தெரியாத ஒருத்தர் உங்க எழுத்தைச் சரிபார்த்து வாங்கிக்கிட்டதுக்கு ஆதாரம் பொதுவெளியில இருக்கும். அதைத்தான் நாங்க அனுபவம்னு கேக்குறோம்.

கூலிம்காரன் எழுதியது:

இவ்வளவு செய்யலாம், சரி. ஆனா இப்ப ஏஐ வந்து டபிள்யூஐயை நிமிஷத்துல எழுதிக் கொடுக்குது. எங்க கம்பெனியில என்ஜினியர்ங்க அதைத்தான் பயன்படுத்துறாங்க. இந்தத் துறைக்குள்ள இப்பப் போய் நுழையறது புத்திசாலித்தனமா? தம்பிக்கு ஷிஃப்ட் வேலையில நிச்சயமான சம்பளம் இருக்கு.

பாயான் பாரு வாசி எழுதியது:

நியாயமான கவலை. எங்களிடமும் பயன்படுத்துகிறார்கள். வரைவு வேகமாக வருகிறது, வாக்கியம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் அது மெஷின் முன்னால் நின்றதில்லை. போன முறை வந்த வரைவில் ஒரு படி, கையுறை போட்டுக்கொண்டு செய்யவே முடியாத படி. தாளில் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. லைனில் நின்று செய்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. வெறும் ஃபார்மேட் வேலையும் மொழித்திருத்த வேலையும் குறையும் என்றுதான் நானும் நினைக்கிறேன். செய்து பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடும் ஆள் வேண்டியிருக்கிறது. டெக்னீஷியன் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர். அதனால் தம்பி பயப்படுவதைவிட டீச்சர்தான் கொஞ்சம் யோசித்து, பயனரோடு நேரடியாகப் பேசும் வேலைகளாகப் பார்த்துப் போக வேண்டும்.

பயிற்சி பற்றி ஒன்று விட்டுப்போனது. மலேசியத் தொழிலாளர் 10 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் தொழிற்சாலைகள் மனிதவள மேம்பாட்டுக் கழகமான ஹெச்ஆர்டி கார்ப்புக்கு மாதச் சம்பளத்தில் 1 விழுக்காடு லெவி கட்டுகின்றன. அந்தப் பணம் பயிற்சிக்குத்தான். தம்பி, உங்கள் சூப்பர்வைசர் வழியாக, எழுத்து அல்லது டாக்குமெண்டேஷன் பயிற்சிக்கு அனுப்ப முடியுமா என்று ஹெச்ஆரைக் கேளுங்கள். சொந்தக் காசைச் செலவழிக்கும் முன் இதைக் கேட்டுவிடுவது நல்லது.

பிறை டெக்னீஷியன் எழுதியது:

கொஞ்ச நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். சாம்பிளை அக்கா சொன்னபடி திருத்தி, என் தங்கச்சிகிட்ட கொடுத்துச் செய்யச் சொன்னேன். ‘மூடியைத் திறக்கவும்’ங்கிற இடத்துலயே நின்னுட்டா. பேட்டரி மூடியா, பெரிய மூடியான்னு அவளுக்குத் தெரியல. எனக்கு அது தோணவே இல்ல. இப்ப படம் போட்டு, எந்த ஸ்க்ரூன்னு எண் போட்டுட்டேன்.

கருவி செய்யற ஒரு கம்பெனியில டாக்குமெண்டேஷன்ல இருக்கிறவருக்கு லிங்க்ட்இன்ல அனுப்பினேன். பதில் போட்டாரு. ரெண்டு இடத்துல திருத்தம் சொல்லிட்டு, ஒரு காலி இடம் இருக்கு, ரைட்டிங் டெஸ்ட் எழுத வர்றீங்களான்னு கேட்டிருக்காரு. டெஸ்ட்ல என்ன வரும்? எப்படித் தயார் பண்றது?

கேஎல் டாக்ஸ் அக்கா எழுதியது:

ரொம்ப சந்தோஷம் தம்பி!

டெஸ்ட் இடத்துக்கு இடம் மாறும், ஆனா பெரும்பாலும் ஒரு என்ஜினியரோட குறிப்பைக் கொடுத்துப் படிமுறையா எழுதச் சொல்வாங்க. அந்தக் குறிப்புல வேணும்னே ஓட்டை வச்சிருப்பாங்க. ஒரு படி இருக்காது, ஒரு அளவு ரெண்டு இடத்துல ரெண்டு விதமா இருக்கும், ஒரு பாகத்துக்கு மூணு பேர் இருக்கும். அதை ஊகிச்சு நிரப்பிடாதீங்க. எழுதிட்டு, தாள் கடைசியில ‘என்ஜினியரிடம் கேட்க வேண்டியவை’ன்னு தலைப்புப் போட்டு வரிசையா எழுதுங்க. நான் டெஸ்ட் திருத்துறப்ப அந்தக் கேள்விகளைத்தான் முதல்ல படிப்பேன். நேரம் போதலன்னா அழகுபடுத்துறதை விடுங்க, கேள்விகளை விடாதீங்க.

மேனுவல் தயாரிக்கிற மென்பொருளான ஃப்ரேம்மேக்கர் தெரியுமா, மேட்கேப் ஃப்ளேர் தெரியுமா, டிட்டா தெரியுமான்னு கேட்டா, தெரியலன்னா தெரியலன்னே சொல்லுங்க. டிட்டான்னா என்னன்னு மட்டும் படிச்சுட்டுப் போங்க: ஒரே தகவலைத் துண்டு துண்டா எழுதி வச்சு, எத்தனை மேனுவல்ல வேணுமோ அத்தனையிலும் எடுத்துக்கிற முறை. டூலைச் சேர்ந்த பிறகு கத்துக்கலாம்னு எங்க எல்லாருக்கும் தெரியும்.

பாயான் பாரு வாசி எழுதியது:

வாழ்த்துகள் தம்பி. ஆஃபர் வந்தால் சம்பளத்தைப் பார்க்கும் முறையை இப்போதே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் ஷிஃப்ட்டிலிருந்து வருபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இப்போது உங்கள் கைக்கு வருவதில் ஷிஃப்ட் அலவன்ஸும் ஓவர்டைமும் இருக்கும். ஆபீஸ் நேர வேலையில் இரண்டும் போய்விடும். ஆகவே புது அடிப்படைச் சம்பளம் கூடுதலாக இருந்தும் மாதக் கடைசியில் கை குறையலாம். கார், வீட்டுக் கடன் கட்டுகிறீர்கள் என்றால் கடந்த சில மாதச் சம்பளச் சீட்டை எடுத்து வைத்து, ஓவர்டைம் இல்லாமல் கணக்குப் போடுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஓவர்டைம் பணத்துக்கு கேடபிள்யூஎஸ்பி பிடிப்பதில்லை, முதலாளியும் கட்டுவதில்லை. அடிப்படைச் சம்பளம் கூடினால் உங்கள் 11 விழுக்காடும், 5,000 ரிங்கிட் வரை முதலாளியின் 13 விழுக்காடும் அதற்கேற்பக் கூடும். 4,000 ரிங்கிட்டுக்கு மேல் மாதச் சம்பளம் என்றால் சட்டப்படி ஓவர்டைம் கேட்கும் உரிமை பொதுவாக இல்லை என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆஃபர் லெட்டரில் வேலைப் பெயர், ப்ரொபேஷன் காலம், அது முடிந்ததும் சம்பளம் மறுபரிசீலனை உண்டா, இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேலைப் பெயரில் ரைட்டர் என்ற சொல் இருக்கட்டும். அடுத்த கம்பெனியின் ஹெச்ஆர் தேடுவது அதைத்தான்.

பிறை டெக்னீஷியன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பாயான் பாரு வாசி சொன்ன மாதிரி கணக்குப் போட்டுட்டேன். ஓவர்டைம் இல்லாம கொஞ்சம் இடிக்குது, ஆனா சமாளிச்சுடலாம். டெஸ்ட் வர்ற வெள்ளிக்கிழமை காலையில. சூப்பர்வைசர்கிட்ட லீவு சொல்லிட்டேன்.